நெல்வயலில் நைட்ரஜன் சுழற்சி

நெல்வயலில் நைட்ரஜன் சுழற்சி என்பது, நீர் தேங்கிய நெல்வயலின் காற்று, நீர், சேறு, பயிர் ஆகியவற்றுக்கிடையே நைட்ரஜன் அணுக்கள் ஒரு மூலக்கூறிலிருந்து மற்றொரு மூலக்கூறுக்கு மாறிச் செல்லும் தொடர் நிகழ்வாகும். உழவர்கள் தழைச்சத்து என்று அழைப்பது நைட்ரஜனையே ஆகும். இச்சுழற்சியில் எந்த அணுவும் புதிதாகத் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை. அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் முறை மட்டுமே மாறுகின்றது. ஒரே தனிமத்தின் அணு, எந்த மூலக்கூறில் உள்ளது என்பதைப் பொறுத்து, பயிருக்குப் பயனற்றதாகவோ, உணவாகவோ, காற்றில் கலந்து வீணாவதாகவோ அமையக்கூடும். இதனால் அணு, மூலக்கூறு, அயனி ஆகிய அடிப்படைக் கருத்துகளை விளக்குவதற்கு நெல்வயல் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். இக்கட்டுரை காவிரிப் படுகையின் நெல்வயலை முன்வைத்து இச்சுழற்சியை விளக்குகின்றது.

பின்னணி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்கள் காவிரிப் படுகையின் முதன்மையான நெல் விளையும் பகுதிகளாகும். இங்கு குறுவை, சம்பா, தாளடி என்னும் பருவங்களில் நெல் பயிரிடப்படுகின்றது. மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு நீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 ஆகும். படுகையில் உள்ள ஆடுதுறையில் 1922 ஆம் ஆண்டு முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகின்றது. 1960 ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்றாகும். அதன் பின்னர் இப்பகுதியில் வேதியுரங்களின் பயன்பாடு பெருகியது.

படுகையில் நிலத்தை மா என்னும் அளவால் கூறுவது வழக்கம். ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட் ஆகும், அதாவது மூன்று மா சேர்ந்தது ஒரு ஏக்கர். ஒரு மா நிலத்தின் மேல் நிற்கும் காற்றில் உள்ள நைட்ரஜனின் நிறை, வளிமண்டல அழுத்தத்தைக் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 10,000 டன் ஆகும். அந்த ஒரு மாவில் விளையும் நெல்லுக்கு இடப் பரிந்துரைக்கப்படும் நைட்ரஜன் சுமார் 16 முதல் 20 கிலோ மட்டுமே. இருப்பினும் உழவர் அந்த 20 கிலோவை விலை கொடுத்து வாங்க வேண்டியுள்ளது. இதற்கான காரணம் நைட்ரஜன் மூலக்கூறின் அமைப்பில் உள்ளது.

அணுவும் மூலக்கூறும்

ஒரு தனிமத்தின் பண்புகளைக் கொண்ட மிகச்சிறிய துகள் அணு ஆகும். நைட்ரஜனின் அணு எண் 7. அதாவது அதன் அணுக்கருவில் 7 புரோட்டான்களும், கருவைச் சுற்றி 7 எலக்ட்ரான்களும் உள்ளன. எலக்ட்ரான்களில் 2 உட்கூட்டிலும் 5 வெளிக்கூட்டிலும் அமைந்துள்ளன. வெளிக்கூட்டில் 8 எலக்ட்ரான்கள் இருக்கும்போது அணு நிலையான தன்மையை அடைகின்றது. ஆகவே ஒவ்வொரு நைட்ரஜன் அணுவுக்கும் மேலும் 3 எலக்ட்ரான்கள் தேவைப்படுகின்றன.

இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒன்றுசேரும்போது ஒவ்வொன்றும் தன்னுடைய 3 எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இவ்வாறு மூன்று இணை எலக்ட்ரான்கள் பகிரப்படுவதால் உருவாகும் பிணைப்பு முப்பிணைப்பு எனப்படும். அணுக்கள் பிணைந்து உருவாகும் இத்தகைய தொகுதி மூலக்கூறு ஆகும். காற்றின் கன அளவில் சுமார் 78 விழுக்காடு இந்த ஈரணு நைட்ரஜன் மூலக்கூறுகளே.

மூலக்கூறு ஒன்று எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ, அல்லது ஹைட்ரஜன் அயனி போன்ற மின்சுமையுள்ள துகளுடன் சேர்ந்தோ மின்சுமை பெற்றால் அது அயனி எனப்படும். பயிரின் வேர் நைட்ரஜனைப் பெரும்பாலும் அயனி வடிவிலேயே உறிஞ்சுகின்றது.

வயலில் காணப்படும் நைட்ரஜன் வடிவங்கள்

* நைட்ரஜன் வளிமம்: 2 நைட்ரஜன் அணுக்கள். காற்றில் உள்ளது. பயிர் இதனை நேரடியாகப் பயன்படுத்த இயலாது.
* யூரியா: 1 கார்பன், 1 ஆக்சிஜன், 2 நைட்ரஜன், 4 ஹைட்ரஜன் அணுக்கள். நீரில் எளிதில் கரையும் வெண்ணிறக் குருணை.
* அம்மோனியா: 1 நைட்ரஜன், 3 ஹைட்ரஜன் அணுக்கள். நெடியுள்ள வளிமம். காற்றில் தப்பிச் செல்லக்கூடியது.
* அம்மோனியம் அயனி: 1 நைட்ரஜன், 4 ஹைட்ரஜன் அணுக்கள், ஒரு நேர்மின்சுமை. நீர் தேங்கிய வயலில் நெல்லின் முதன்மையான தழைச்சத்து இதுவே.
* நைட்ரேட் அயனி: 1 நைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள், ஓர் எதிர்மின்சுமை. பயிர் உறிஞ்சக்கூடியது. ஆனால் நீருடன் எளிதில் கீழிறங்கிவிடும்.
* நைட்ரஸ் ஆக்சைடு: 2 நைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள். புவியை வெப்பமாக்கும் வளிமங்களுள் ஒன்று.

முப்பிணைப்பை உடைக்கும் வழிகள்

ஒரு மோல், அதாவது 28 கிராம், நைட்ரஜன் மூலக்கூறுகளின் முப்பிணைப்பை உடைக்க சுமார் 945 கிலோஜூல் ஆற்றல் தேவை. ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கு இது சுமார் 498 கிலோஜூல் மட்டுமே. நெற்பயிரிடம் இந்த முப்பிணைப்பை உடைக்கும் நொதி இல்லை. எனவே 10,000 டன் நைட்ரஜனின் அடியில் நின்றும் பயிர் தழைச்சத்தின்றி வெளிறக்கூடும். முப்பிணைப்பு மூன்று வழிகளில் உடைக்கப்படுகின்றது.

1. மின்னல். மின்னலின் உயர் வெப்பத்தில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் வினைபுரிகின்றன. விளைபொருள்கள் பின்னர் நைட்ரேட்டாக மழைநீருடன் நிலத்தை அடைகின்றன. இதன் அளவு குறைவு.

2. நுண்ணுயிரிகள். சில பாக்டீரியாக்களிடம் உள்ள நைட்ரஜனேஸ் என்னும் நொதி, சாதாரண வெப்பநிலையிலேயே நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகின்றது. தக்கைப்பூண்டு, சணப்பை, கொளுஞ்சி, உளுந்து ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் இவை வாழ்கின்றன. நீரில் மிதக்கும் அசோலாவின் இலைக் குழிகளில் வாழும் நீலப்பச்சைப்பாசியும் இப்பணியைச் செய்கின்றது. படுகையில் சம்பா அல்லது தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே வயலின் ஈரத்தில் உளுந்து தெளிக்கும் வழக்கம் உள்ளது. இதனால் கோடையில் பருப்பு கிடைப்பதுடன் மண்ணுக்குத் தழைச்சத்தும் ஓரளவு சேர்கின்றது.

3. தொழிற்சாலை. செருமானிய வேதியியலாளர் பிரிட்ஸ் ஹேபர் 1909 இல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் நேரடியாக இணைத்து அம்மோனியா உருவாக்கிக் காட்டினார். கார்ல் பாஷ் இதனைப் பெருந்தொழிலாக வளர்த்தெடுக்க, 1913 இல் செருமனியின் ஒப்பாவில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. இரும்பு வினையூக்கியுடன் 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தமும் இம்முறைக்குத் தேவைப்படுகின்றன. வேர் முடிச்சில் அமைதியாக நிகழும் வினைக்கு ஆலையில் இவ்வளவு ஆற்றல் செலவாகின்றது. இந்த அம்மோனியாவைக் கார்பன் டை ஆக்சைடுடன் வினைபுரியச் செய்து யூரியா பெறப்படுகின்றது.

யூரியா

யூரியா முதலில் சிறுநீரில் அறியப்பட்ட பொருளாகும். 1828 இல் பிரீட்ரிக் வோலர் என்னும் செருமானிய வேதியியலாளர், அம்மோனியம் சயனேட் என்னும் உப்பிலிருந்து யூரியாவைப் பெற்றார். இவ்விரு பொருள்களிலும் உள்ள அணுக்களின் வகையும் எண்ணிக்கையும் ஒன்றே. அவை அடுக்கப்பட்டுள்ள முறை மட்டுமே வேறு. இத்தகைய பொருள்கள் மாற்றியங்கள் எனப்படும். உயிரினத்தின் உடலில் உருவாகும் யூரியாவுக்கும் ஆலையில் உருவாகும் யூரியாவுக்கும் மூலக்கூறு அளவில் எந்த வேறுபாடும் இல்லை.

யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46 விழுக்காடு என அச்சிடப்பட்டிருக்கும். இந்த எண்ணை அணு நிறைகளைக் கொண்டு சரிபார்க்கலாம். கார்பன் 12, ஆக்சிஜன் 16, இரண்டு நைட்ரஜன் 28, நான்கு ஹைட்ரஜன் 4, ஆக மொத்தம் 60. இதில் நைட்ரஜனின் பங்கு 60 இல் 28, அதாவது 46.7 விழுக்காடு. விற்பனைக்கு வரும் யூரியாவில் ஈரம் முதலியவை சிறிதளவு இருப்பதால் 46 எனக் குறிக்கப்படுகின்றது. 2018 முதல் இந்தியாவில் யூரியா 45 கிலோ மூட்டைகளில் விற்கப்படுகின்றது. ஒரு மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன் உள்ளது. தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே இட்டால் ஒரு மாவுக்கு ஏறத்தாழ ஒரு மூட்டை தேவைப்படும்.

வயலில் இட்ட யூரியாவை மண்ணில் உள்ள யூரியேஸ் என்னும் நொதி சில நாட்களுக்குள் சிதைக்கின்றது. ஒரு யூரியா மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறும் சேர்ந்து, இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளையும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறையும் தருகின்றன. வினைக்கு முன் 1 கார்பன், 2 ஆக்சிஜன், 2 நைட்ரஜன், 6 ஹைட்ரஜன் என 11 அணுக்கள் உள்ளன. வினைக்குப் பின்னும் அதே 11 அணுக்கள் உள்ளன. சமன்பாட்டைச் சமப்படுத்துதல் என்று பள்ளியில் கற்பிக்கப்படுவது இந்தக் கணக்கே ஆகும்.

இழப்பு

நீர் தேங்கிய நெல்வயலில் இடப்படும் நைட்ரஜனில் பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு மட்டுமே பயிரைச் சென்றடைகின்றது. ஒரு மூட்டையின் 20 கிலோவில் பயிர் பெறுவது 6 முதல் 8 கிலோ மட்டுமே. எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணில் தங்குகின்றது. மற்றவை கீழ்க்காணும் வழிகளில் இழக்கப்படுகின்றன.

ஆவியாதல்: அம்மோனியா நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனியைப் பெற்று அம்மோனியம் அயனியாக மாறுகின்றது. களிமண் துகள்களின் மேற்பரப்பு எதிர்மின்சுமை உடையதாகையால், நேர்மின்சுமையுள்ள அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. ஆனால் பகலில் வயல்நீரில் வளரும் பாசிகள் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை கூடுகின்றது. நீரின் பிஎச் மதிப்பு 9 ஐ எட்டும்போது, அம்மோனியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அம்மோனியாவாக மாறிவிடுகின்றது. நண்பகல் வெயிலும் காற்றும் அதனை வெளியேற்றுகின்றன.

நைட்ரஜன் நீக்கம்: நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைக் காட்டிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. இதனால் சேற்றின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் அளவுக்கே ஆக்சிஜன் இருக்கும். அங்கு அம்மோனியத்தை ஒருவகை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகின்றது. நைட்ரேட் ஆக்சிஜனற்ற கீழ்ச் சேற்றுக்கு இறங்கியதும், அங்குள்ள வேறு பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஆக்சிஜன் அணுக்களை எடுத்துக்கொள்கின்றன. முடிவில் நைட்ரஸ் ஆக்சைடும் நைட்ரஜன் வளிமமும் வெளியேறுகின்றன. ஆலையில் பெரும் ஆற்றல் செலவிட்டு உடைக்கப்பட்ட முப்பிணைப்பு வயலில் மீண்டும் உருவாகிவிடுகின்றது.

கோடையில் தரிசாகக் காயும் நிலத்தில் சேரும் நைட்ரேட்டும், ஆற்றுநீர் பாய்ந்து சேறு கட்டியவுடன் இவ்வாறே இழக்கப்படுகின்றது.

இழப்பைக் குறைக்கும் முறைகள்

* கோடையில் தக்கைப்பூண்டு வளர்த்து, நடவுக்கு முன் மடக்கி உழுதல். பயிர் மண்ணின் நைட்ரேட்டை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்வதுடன் காற்றின் நைட்ரஜனையும் சேர்க்கின்றது.
* யூரியாவை ஒரே தடவையில் இடாமல், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் முதலிய பருவங்களுக்குப் பிரித்து இடுதல்.
* தேங்கிய நீரில் வீசாமல், நீரை வடித்துவிட்டு மேலுரமிட்டு, பின்னர் நீர் பாய்ச்சி யூரியாவை மண்ணுக்குள் செலுத்துதல்.
* யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு ஆகியவற்றை 5:4:1 என்னும் விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுதல். வேம்பில் உள்ள பொருள்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவின் செயலைத் தாமதப்படுத்துகின்றன. இதே அடிப்படையில் 2015 இல் இந்தியாவில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது.
* இலைவண்ண அட்டையைக் கொண்டு பயிரின் நிறத்தை ஒப்பிட்டு, தேவைப்படும்போது மட்டும் மேலுரமிடுதல்.

இலையின் நிறம் தழைச்சத்தைக் காட்டுவதற்கும் மூலக்கூறே காரணம். பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணுவும், அதைச் சுற்றி 4 நைட்ரஜன் அணுக்களும் உள்ளன. நைட்ரஜன் குறைந்தால் பச்சையம் குறைந்து இலை வெளிறுகின்றது. ஆனால் கரும்பச்சையாக இருப்பதும் நல்லதன்று. தழைச்சத்து மிகுந்த பயிர் சாய்வதுடன், புகையான், இலைச்சுருட்டுப்புழு, குலைநோய் ஆகியவற்றுக்கு எளிதில் இலக்காகின்றது.

வயலிலிருந்து உணவுக்கு

பயிர் உறிஞ்சிய நைட்ரஜன் அமினோ அமிலங்களாகி, பின்னர் புரதமாக நெல்மணியில் சேர்கின்றது. அரிசியில் ஏறத்தாழ 7 விழுக்காடு புரதம் உள்ளது. சோறாக உண்ணப்படும் புரதம் உடலில் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற, அது சிறுநீருடன் வெளியேறுகின்றது. மூட்டையில் இருந்த அதே மூலக்கூறு இவ்வாறு மீண்டும் உருவாகின்றது. கால்நடைகளின் சிறுநீரும் சாணமும் எருவாகி வயலைச் சேரும்போது அந்த நைட்ரஜன் அணுக்கள் மறுபடியும் சுழற்சிக்குள் நுழைகின்றன.

இவற்றையும் பார்க்க

* அணு
* மூலக்கூறு
* யூரியா
* ஹேபர் முறை
* பசுந்தாள் உரம்
* அசோலா
* காவிரிப் படுகை