ஆய்வுகூடமும் ஆலையும் வயலும்

ஒரு நிலத்தில் ஆண்டுதோறும் பயிரிட்டு, விளைந்தவற்றையெல்லாம் தொலைவிலுள்ள சந்தைக்கு அனுப்பிவிட்டு, நிலத்துக்கு எதனையும் திருப்பிக் கொடாதிருந்தால், அந்நிலம் எத்துணைக் காலத்துக்கு விளையும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய நாடுகள் விடைகாண வேண்டியிருந்த கேள்வி இது. ஆலைத் தொழிலோடு நகரங்கள் பெருகின. கிராமத்தின் தானியம் நகரத்தை நோக்கிச் சென்றது. நகரத்தின் கழிவோ ஆற்றிற் கலந்து கடலைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் கமக்காரர் இளைத்த நிலத்தைத் தேற்றுவதற்கு விலங்குகளின் எலும்பை அரைத்து வயலில் இட்டனர். உள்நாட்டு எலும்பு போதாமையாற் பிறநாடுகளிலிருந்தும் எலும்பு கப்பலேறி வந்தது. ஆயினும், சில நிலங்களில் அது நற்பயன் தந்தது. வேறு சிலவற்றில் இட்டதும் இடாததும் ஒன்றாகவே இருந்தன. காரணம் கூறுவார் எவருமிலர்.

இக்கேள்விக்கு விடைதேடியவர்களுள் முதன்மையானவர் யுஸ்ரஸ் வொன் லீபிக் என்னும் ஜேர்மன் இரசாயன அறிஞர். 1803ஆம் ஆண்டில் டாம்ஸ்ரற் நகரிற் பிறந்த இவர், தம் இருபத்தோராம் வயதிலேயே, 1824இல், கீசன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக அமர்ந்தார். கைவிடப்பட்ட படைமுகாம் ஒன்றின் காவற்கூடமே அவருடைய ஆய்வுகூடம். மாணாக்கர் தம் கையாலேயே பகுத்தாய்ந்து கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தச் சிறிய கூடத்தை நாடிப் பல தேசத்து இளைஞரும் வந்தனர்.

1840ஆம் ஆண்டில் லீபிக் விவசாய இரசாயனம் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பயிர் மண்ணிலிருந்து பொசுபரசு, பொற்றாசியம் முதலிய தாதுக்களை எடுத்துக்கொள்கிறது. எடுத்தவற்றைத் திருப்பிக் கொடாவிடின் மண் வறிதாகும். எந்தச் சத்து மிகக் குறைந்துள்ளதோ அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கும் என்பன அவர் பரப்பிய கருத்துகள். இவற்றுட் சிலவற்றைக் கார்ல் சுப்ரெங்கல் என்னும் அறிஞர் முன்னரே எடுத்துரைத்திருந்தாராயினும், உலகின் செவியில் விழச் செய்தவர் லீபிக்கே.

அறிஞரின் கருத்து வணிகத்தோடு கைகோத்தது. 1845ஆம் ஆண்டில் லீபிக் வகுத்த முறைப்படி செயற்கைப் பசளை ஒன்றை லிவர்பூல் நகரின் தொழிலதிபர் மஸ்பிறற் குடும்பத்தார் செய்து விற்றனர். பெரும் பெயர் பெற்ற பேராசிரியரின் பசளை என்று கமக்காரர் வாங்கினர். ஆனால் பயிர் தழைக்கவில்லை. மழைநீர் சத்தைக் கழுவிச் சென்றுவிடும் என அஞ்சிய லீபிக், சரக்குகளை ஒருங்கே உருக்கி, நீரில் எளிதிற் கரையாதபடி செய்வித்திருந்தார். கரையாத சத்தை வேர் எவ்வாறு உறிஞ்சும்? நைதரசனைக் காற்றும் மழையுமே வேண்டிய அளவு தரும் என்ற அவர் கணிப்பும் பொய்த்தது. கரைந்த சத்தையும் பற்றிவைக்கும் ஆற்றல் மண்ணுக்கு உண்டு என்பது பின்னரே தெளிவாயிற்று. தாம் பிழைபட்டதை லீபிக்கும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். நூலிலிருந்து நேரே ஆலைக்குச் சென்ற அப்பசளை, இடையில் வயலிற் போதிய அளவு சோதிக்கப்படவில்லை.

அதே காலத்தில் இலண்டனுக்கு வடக்கே, றொதம்ஸ்ரெட் என்னும் பண்ணையில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. பண்ணையின் உரிமையாளர் ஜோன் பெனற் லோஸ், ஒக்ஸ்போட்டிற் பயின்றும் பட்டம் பெறாது திரும்பியவர். எலும்பை அமிலத்தாற் பதப்படுத்தினால் அதிலுள்ள பொசுபேற்று நீரிற் கரையும் என்பதைக் கண்டு, 1842ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். எலும்புக்கு மட்டுமன்றிப் பொசுபேற்றுக் கல்லுக்கும் அம்முறை பொருந்திற்று. அடுத்த ஆண்டே இலண்டனையடுத்த டெற்போட்டில் ஆலை எழுந்தது. சுப்பர்பொசுபேற்று என்னும் பசளை இவ்வாறு வணிகப் பொருளாயிற்று.

அதே 1843ஆம் ஆண்டில் லோஸ், ஜோசப் ஹென்றி கில்பேட் என்னும் இளம் இரசாயனரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். கில்பேட் கீசனில் லீபிக்கிடமே பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழகத்தின் பகுப்பாய்வு முறையும் ஆலைமுதல்வரின் பொருள்வளமும் ஒரே வயலில் வந்து கூடின. 1900ஆம் ஆண்டில் லோஸ் மறையும் வரை, ஐம்பத்தேழு ஆண்டுகள் அவ்விருவரும் இணைந்தே உழைத்தனர்.

அவர்கள் செய்த வேலை மிக எளிது. ஆனால் அளவற்ற பொறுமையை வேண்டியது. புறோட்போக் என்னும் வயலை நீண்ட துண்டங்களாகப் பிரித்தனர். ஒன்றுக்கு எப்பசளையும் இல்லை, மற்றொன்றுக்குத் தொழுவெரு, ஏனையவற்றுக்குத் தாது உப்புகளும் நைதரசனும் வெவ்வேறு சேர்க்கைகளில் இடப்பட்டன. 1843ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அங்கே கோதுமை விதைக்கப்பட்டது. அச்சோதனை இன்றளவும் தொடர்கிறது. மண்ணிலும் கதிரிலும் வைக்கோலிலும் மாதிரி எடுத்துப் புட்டிகளில் அடைத்துவைத்தனர். பின்வந்த ஆய்வாளர், லோசும் கில்பேட்டும் நினைத்துங்கூடப் பார்த்திராத காற்று மாசு, நிலத்தின் கரிச்சத்து முதலியவற்றை அப்புட்டிகளைத் திறந்தே அளந்தனர்.

வயல் சொன்ன விடை எக்கட்சிக்கும் முழுமையாகச் சார்பானதன்று. தாது மட்டும் போதும் என்ற லீபிக்கின் வாதத்தை அது மறுத்தது. கோதுமைக்கு நைதரசனும் வேண்டும் என்று காட்டியது. தக்க அளவில் இட்ட செயற்கைப் பசளை, தொழுவெருவுக்கு நிகராக விளைவிக்கும் என்றும் காட்டியது. ஆயினும் தொழுவெரு இட்ட துண்டத்தின் மண்ணிற் சேதனப் பொருள் பெருகிவந்ததையும் அதே வயல் பதிவுசெய்தது. பசளை விற்ற ஒருவரின் செலவில் நடந்த ஆய்வு, அவருடைய சரக்குக்குச் சாதகமானதை மட்டும் கூறி நின்றுவிடவில்லை. லோஸ் தம் பசளை வணிகத்தை 1872ஆம் ஆண்டில் விற்றார். 1889ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் பவுணை அறக்கட்டளையாக ஒதுக்கி, தமக்குப் பின்னும் சோதனை எவர் இலாபத்தையும் நம்பியிராது நடைபெற வழிசெய்தார்.

மண்ணுக்குக் கடன் திருப்பும் இவ்வரலாற்றில் ஓர் இடர் எஞ்சியிருந்தது. எலும்புக்குப் பதிலாகப் பொசுபேற்றுக் கல் வந்தது. கல்லோ தோண்டத் தோண்டக் குறைவது. இவ்விடத்தில் இலங்கையும் இக்கதையுள் வருகிறது. அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலவில் 1971ஆம் ஆண்டிற் பொசுபேற்றுப் படிவு கண்டறியப்பட்டது. அக்கல்லின் தூள் மெல்லக் கரைவது. ஆண்டுகள் பல நிற்கும் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அது பொருந்தும். நான்கு மாதத்தில் அறுவடையாகும் நெல்லுக்கு விரைந்து உதவாது. ஆகவே நெல்லுக்குக் கரையும் பசளையைக் கடல்கடந்து வாங்கவேண்டியிருந்தது. லோஸ் எலும்புக்குச் செய்த உதவியை எப்பாவலக் கல்லுக்கு எவ்வாறு செய்வது என்பதே நாட்டின் ஆய்வாளர் முன்னிருந்த வினா.

அவ்வினா தீருமுன்னர், அப்படிவை அந்நிய நிறுவனமொன்றின் கூட்டுடன் முப்பது ஆண்டுத் திட்டத்தில் அகழ்வதற்கான உடன்படிக்கை வரையப்பட்டது. ஊரவர் எழுவர் உயர் நீதிமன்றை நாடினர். அவர்களுடைய வயலும் வீடும் மட்டுமன்றி, கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொணரும் பழைய ஜயகங்கைக் கால்வாயும் இடருக்குள்ளாயிருந்தது. 2000ஆம் ஆண்டு யூன் மாதம் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, தேசிய விஞ்ஞான நிறுவனங்களின் ஆலோசனையுடன் படிவின் அளவும் தரமும் முழுமையாக ஆராயப்பட்டு, முடிவுகள் வெளியிடப்பட்டு, சூழல் அனுமதியும் பெறப்படும் வரை ஒப்பந்தம் செய்யலாகாது என்று கட்டளையிட்டது. வணிகத்தை அத்தீர்ப்பு விலக்கவில்லை. ஆய்வு முன்னே செல்லட்டும், வணிகம் பின்னே வரட்டும் என்று முறைசெய்தது.

அம்முறை பிறழ்ந்தால் நேர்வது யாது என்பதை 2021ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதும் ஒருங்கே தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சேதனப் பசளை மண்ணுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. புறோட்போக்கின் தொழுவெருத் துண்டமே அதற்குச் சான்று. ஆனால் ஒரு துண்டத்திற் பல்லாண்டு பார்க்கவேண்டியதை ஒரே போகத்தில் ஒரு தேசத்தின் வயல்களனைத்திலும் பார்க்க முற்பட்டபோது, சோதனைக்குரிய செலவைக் கமக்காரரே சுமந்தனர்.

பேராசிரியரின் நூலும் முதலாளியின் ஆலையும் அரசின் ஆணையும் தனித்தனியே வலிமை உடையனவே. அவை கூறுவது மெய்யா என்று வயலைக் கேட்பதற்குக் காலம் வேண்டும். கேட்டறிந்ததை மறையாது பதிவுசெய்யும் நேர்மையும் வேண்டும். எப்பாவலவின் கல் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் சென்றன. அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்று ஆராயச் சில ஆண்டுகளைச் செலவிடுவது காலவிரயமாகாது.