இரண்டு அட்டையா, ஒரே அட்டையா: டிராம்பேயின் பழைய கணக்கு

மும்பையின் கணினி உதிரிப்பாகச் சந்தையான லாமிங்டன் சாலைக்குப் போகும் விளையாட்டுப் பிரியர் எவருக்கும் ஒரு காலத்தில் இருந்த குழப்பம் இது. நடுத்தர விலையில் இரண்டு கிராபிக்ஸ் அட்டைகளை வாங்கிப் பாலமிட்டு இணைப்பதா, அதே பணத்துக்கு வேகம் மிகுந்த ஒரே அட்டையை வாங்குவதா? இளைஞர்களின் பொழுதுபோக்குக் கவலை என்று இதை ஒதுக்கிவிட இயலாது. அதே நகரில், செம்பூரைக் கடந்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் முன்னும் இதே வினா நின்றது. அங்கே ஒற்றை வேக எந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை என்பதுதான் வேறுபாடு.

1980களில் வானிலைக் கணிப்புக்காக இந்தியா அமெரிக்காவிடம் கேட்டது கிரே எக்ஸ்-எம்பி/24. பெயரிலுள்ள 2 அதன் செயலிகளின் எண்ணிக்கை. நீண்ட பேச்சுக்குப் பின் கிடைத்ததோ எக்ஸ்-எம்பி/14; ஒற்றைச் செயலி. அதுவும் தில்லியின் வானிலை மையத்தில், வேறு பணிக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற கண்காணிப்போடு. இரண்டு கேட்டவருக்கு ஒன்று. அணு உலை சார்ந்த கணக்குகளுக்கு அத்தகைய எந்திரம் வருமென்று எதிர்பார்ப்பதற்கு வழியே இல்லை.

பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் 1986இலேயே ஃபுளோசால்வர் என்ற இணைக்கணினியைக் கட்டியிருந்தது. 1988இல் புனேயில் சி-டாக் நிறுவப்பட்டு, 1991இல் பரம் 8000 வந்தது. அதன் புகழ் யாவரும் அறிந்தது. அதே 1991இல், ஆர். சிதம்பரம் இயக்குநராக இருந்த காலத்தில், டிராம்பேயில் உருவான அனுபம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வரலாற்று மாணவருக்கு அதுவே கூடுதல் சுவையுடையது. ஏனெனில் அது சந்தையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு கட்டப்பட்டது: இன்டெல்லின் ஐ860 செயலிகள் நான்கு. (இதே ஐ860 குடும்பச் செயலிகளைத்தான் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் தன் ரியாலிட்டி எஞ்சின் வரைகலைக் கருவியில் பன்னிரண்டு வரை அடுக்கிற்று என்பது இங்கே நினைக்கத்தக்கது.)

கணக்கைப் பார்க்கலாம். ஐ860 ஒன்றின் உச்சவேகம் விநாடிக்கு 8 கோடி கணக்கீடுகள் என்று சொல்லப்பட்டது. நான்கு சேர்ந்தால் 32 கோடி. முதல் அனுபம் நடைமுறையில் தாக்குப்பிடித்த வேகமோ சுமார் 3 கோடி. அச்செயலியின் உச்சவேகமே பெரிதும் காகிதத்தோடு நின்றது என்பது ஒரு காரணம். பகிர்ந்து செய்யும் வேலைக்குரிய செலவு மற்றொன்று. இரண்டாவதற்கு ஜீன் அம்டால் 1967இலேயே வரம்பு வகுத்திருந்தார். வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க இயலாது என்றால், இரண்டு செயலிகள் தருவது 1.8 மடங்கு வேகம். ஆயிரம் வைத்தாலும் பத்து மடங்கை எட்டாது.

ஆயினும் அனுபம் தோற்கவில்லை. உலைக் கணக்குகளில் மான்டே கார்லோ முறை என ஒன்று உண்டு. ஒவ்வொரு நியூட்ரானின் பயணத்தையும் தனித்தனியே பின்தொடரும் அம்முறையில் ஒன்றன் கணக்கு மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. நூறு பேருக்குப் பங்கிட்டாலும் பிசகாது. அவ்வளவு எளிதில் பிரியாத பாய்ம இயக்கவியல் போன்ற கணக்குகளுக்கு, செயலிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் அனுலிப் என்ற நிரல்தொகுப்பை மையத்தாரே எழுதினர். எந்திரம் கட்டியவரும் பயனாளரும் ஒரே வளாகத்தினர். மூலநிரலும் அவர்கள் கையில் இருந்தது. மெதுவாக ஓடினால் திறந்து பார்த்துத் திருத்தலாம். 2010-11இல் உருவான அனுபம்-ஆத்யா 4,608 கருக்களோடு விநாடிக்கு 47 டெராஃபிளாப்ஸ் எட்டியது.

லாமிங்டன் சாலையில் அட்டை வாங்கியவருக்கு இந்த வாய்ப்பு இருந்ததில்லை. 1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 அட்டைகள் திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றுமாக வரைந்தன. எளிய, நேர்மையான பங்கீடு. அந்நிறுவனத்தின் சொத்துகளை வாங்கிய என்விடியா 2004இல் எஸ்எல்ஐ என்ற பெயரைப் புதுப்பித்தபோது, ஒரு பிரேம் உனக்கு, அடுத்த பிரேம் எனக்கு என்னும் முறை வழக்கமாயிற்று. சராசரி எண் உயர்ந்தது. பிரேம்களுக்கிடையே இடைவெளி சீராக இல்லாமையால் கண்ணுக்குத் திணறல் தெரிந்தது. நினைவகமும் கூடவில்லை. ஒரே காட்சித் தரவை இரண்டு அட்டைகளும் வைத்திருக்க வேண்டியிருந்ததால், 4 ஜிபி அட்டைகள் இரண்டு சேர்ந்தும் 4 ஜிபியாகவே நின்றன. பின்வந்த விளையாட்டுகள் முந்தைய பிரேமைக் கொண்டே அடுத்ததைத் துல்லியமாக்கின. அங்கே ஓர் அட்டை மற்றதற்காகக் காத்துக் கிடந்தது. பங்கிடும் பொறுப்பை டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டை எழுதுவோரிடம் ஒப்படைத்தது. இரட்டை அட்டை வைத்திருந்த சிலருக்காக அவ்வுழைப்பைச் செலவிட அவர்களுள் பெரும்பாலோர் முன்வரவில்லை.

ஆகவே வாங்குபவரைப் பொறுத்தவரை ஒரே வேக அட்டை என்பதே சரியான விடையாயிற்று. ஆர்டிஎக்ஸ் 20 வரையிலான அட்டைகளுக்குப் புதிய எஸ்எல்ஐ அமைவுகள் வாரா என்று என்விடியா அறிவித்தது; 2021 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. 2022இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090இல் பாலமிடும் இணைப்பே இல்லை. அதே ஆண்டு அதே நிறுவனம், நிரலைத் தாமே எழுதிக்கொள்ளும் ஆய்வகங்களுக்கும் தரவு மையங்களுக்குமாக அறிவித்த எச்100இல், அந்தப் பாலம் விநாடிக்கு 900 கிகாபைட்டாக அகலப்படுத்தப்பட்டிருந்தது.