போர்டோடு போன குரல்

1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மலிவான டிஸ்குகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தகவல் தப்பும்படி வைக்கும் ஐந்து வகைகளைச் சொன்னார்கள். அதுதான் ரெய்டு.

2000 வாக்கில் அது வீட்டுக் கம்ப்யூட்டரின் மதர்போர்டிலேயே வந்துவிட்டது. அபிட் கம்பெனி தன் கேடி7 போர்டை ரெய்டுடனும் விற்றது, இல்லாமலும் விற்றது.

நான் வேறொரு கம்பெனியின் ரெய்டு போர்டை வாங்கினேன். வேகத்துக்கு ஆசைப்பட்டு, தகவலை இரண்டு டிஸ்கிலும் பிரித்து எழுதும் ‘ரெய்டு 0’ வைத்தேன். அந்த ஐந்தில் இது கிடையாது. இதில் நகலும் கிடையாது.

மூன்றாம் வருடம் போர்டு போயிற்று. டிஸ்குகள் நன்றாக இருந்தும் வேறு போர்டில் படிக்க முடியவில்லை. கேசட்டிலிருந்து ஏற்றியிருந்த அப்பாவின் குரலும் போயிற்று. கேசட் முன்பே பூஞ்சை பிடித்து வீணாகியிருந்தது.

அடுத்து ரெய்டு இல்லாத போர்டுதான் வாங்கினேன். மிச்சப் பணத்தில் தனி டிஸ்க் ஒன்று. ஞாயிறுதோறும் நகல் எடுத்து பீரோவில் வைக்கிறேன்.