தாய் உண்ணும் உணவு தாய்ப்பாலைச் சென்றடைவது எப்படி?

பிரசவித்த பெண்களுக்குப் பூண்டு கொடுப்பது இந்தியாவின் பல பகுதிகளில் நீண்டகால வழக்கம். பூண்டின் மணம் தாய்ப்பாலில் சேருகிறதா என்பதை அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தின் ஜூலி மென்னெல்லாவும் கேரி பியூசாம்ப்பும் 1991-இல் சோதித்தனர். தாய்மார்கள் பூண்டு மாத்திரை உட்கொண்ட சுமார் 2 மணி நேரத்தில் பாலின் மணம் உச்சத்தை அடைந்தது. குழந்தைகள் அதை வெறுக்கவில்லை. வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பைப் பற்றியிருந்தன.

உணவு நேரடியாகப் பாலாக மாறுவதில்லை. செரிமானத்துக்குப் பின் இரத்தத்தில் சேரும் மூலக்கூறுகளில், சிறியவையும் கொழுப்பில் கரைபவையும் பால் சுரக்கும் செல்களை எளிதில் கடக்கின்றன. பல பொருள்களுக்கு இது இருவழிப் பாதை. இரத்தத்தில் அளவு குறைந்தால், பாலிலிருந்தும் அவை திரும்பிச் செல்கின்றன. மது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதால் மது விரைவில் வெளியேறாது. நேரம் கடந்தாக வேண்டும்.

தாய் பருகும் காபியிலுள்ள காஃபினில் மிகச் சிறு பங்கே பாலை அடைகிறது. எனினும், பெரியவர்களின் உடல் சில மணி நேரத்தில் பாதியாகக் குறைத்துவிடும் காஃபினை அவ்வாறு குறைக்கப் பச்சிளம் குழந்தைக்குச் சில நாள்கள் ஆகலாம். பாலூட்டும் பெண்களுக்கு ஒரு நாளில் 200 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வெளியிட்ட கருத்து.

பசும்பால், முட்டை, நிலக்கடலை ஆகியவற்றின் புரதங்களும் நுண்ணளவில் தாய்ப்பாலில் தென்படுகின்றன. குழந்தைக்கு ஒவ்வாமை இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்தால் மட்டுமே தாய் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

உண்மையில் கூடுதல் கவனம் தேவைப்படுவது, பாலில் சேருவதைவிடச் சேராமல் போவதில்தான். தாய் குறைவாக உண்டாலும் பாலில் கால்சியம், இரும்புச்சத்தின் அளவு பெரிதாக மாறுவதில்லை. வைட்டமின் பி12, தயமின், அயோடின் ஆகியவை அப்படியல்ல. பி12 குறைபாடுள்ள, சைவ உணவு மட்டுமே உண்ணும் தாய்மார்களிடம் நீண்டகாலம் தாய்ப்பாலை மட்டுமே குடித்து வளரும் குழந்தைகளிடம் இரத்தசோகை, வளர்ச்சியில் பின்னடைவு, கைகால் நடுக்கம் ஆகியவை காணப்படுவதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

பத்தியம் என்ற பெயரில் உணவைக் குறைக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. பாலூட்டும் முதல் 6 மாதங்களில் நாள்தோறும் கூடுதலாக 600 கிலோகலோரி தேவை என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.