நசரேயர்

கடவுளுக்கென்று தம்மைப் பிரித்து வைத்துக்கொள்வதாகப் பொருத்தனை செய்த யூதர், ஆண்களும் பெண்களும், நசரேயர் எனப்பட்டனர். ஆசாரியக் குடியில் பிறக்காதவரும் ஏற்கக்கூடிய விரதம் இது. விதிகள் விவிலியத்தின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் உள்ளன. திராட்சரசம் மட்டுமல்ல, திராட்சையின் பழம், வற்றல், விதை, தோல் எதுவும் ஆகாது. தலையில் கத்தி படக்கூடாது. பெற்றோரே இறந்தாலும் பிணத்தருகே போகக்கூடாது. காலம் நிறைவேறியதும் பலி செலுத்தி, தலையைச் சிரைத்து, அந்த முடியைச் சமாதானபலியின் கீழ் எரியும் நெருப்பில் இடவேண்டும்.

தொடக்ககாலச் செய்திகள் சொற்பம். சிம்சோன் பிறக்குமுன்பே நசரேயன் எனக் குறிக்கப்பட்டவன்; பிணத் தீட்டு விதி அவனைக் கட்டுப்படுத்தியதாகத் தெரியவில்லை. வழக்கிலுள்ள எபிரெயப் பாடம் சாமுவேலை நசரேயன் என்பதில்லை; சாக்கடற்கரைச் சுவடி ஒன்று அவ்வாறு கூறுகிறது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில், நசரேயருக்குத் திராட்சரசம் குடிக்கக் கொடுத்தவர்களைத் தீர்க்கதரிசி ஆமோஸ் கடிந்துகொள்கிறார்.

இரண்டாம் ஆலயக் காலத்தைப் பற்றித்தான் சான்றுகள் பெருகிக் கிடக்கின்றன. கால வரையறை சொல்லாத பொருத்தனை 30 நாள் என்கிறது யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. எருசலேம் ஆலயத்தில், பெண்கள் முற்றத்தின் தென்கிழக்கு மூலையில் நசரேயர் அறை ஒன்று இருந்தது. அங்கே பலியிறைச்சியைச் சமைத்து, சிரைத்த முடியைப் பானைக்கடியில் போட்டனர். வட மெசொப்பொத்தேமியாவின் அதியாபெனே நாட்டு அரசி ஹெலேனா, போருக்குப் போன மகன் நலமாகத் திரும்பினால் ஏழாண்டு விரதம் இருப்பதாக நேர்ந்துகொண்டாள். முடித்து வந்தவளை, இஸ்ரவேல் நாட்டில் இன்னும் ஏழாண்டு இருக்கவேண்டும் என்றது ரபிகளின் ஹில்லேல் மரபு. அதன் இறுதியில் தீட்டுப்பட்டதால் மொத்தம் 21 ஆண்டாயிற்று என்பர். 14தான் என்கிறார் ரபி யூதா.

மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் சொல்லும் மேய்ப்பன் கதையையும் இங்கே விடமுடியாது. பிரதான ஆசாரியரான நீதிமானாகிய சிமியோன், தீட்டுப்பட்ட நசரேயரின் பலியை ஒரே ஒருமுறைதான் உண்டாராம். அதைச் செலுத்திய மேய்ப்பன், தெற்கிலிருந்து வந்த அழகிய இளைஞன்; நீரில் தன் சுருள்முடியைக் கண்டு மனம் தடுமாறியதால் அதைக் கடவுளுக்கென்று களைய நேர்ந்துகொண்டவன். சிமியோன் எந்தக் காலத்தவர் என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

எருசலேமில் நான்கு பேரின் நசரேயப் பொருத்தனைச் செலவைக் கிறிஸ்தவ அப்போஸ்தலர் பவுல் ஏற்றதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. கெங்கிரேயாவில் அவரே தலை சிரைத்தது நசரேய விரதத்தால்தானா என்பது விவாதத்துக்குரியது.

கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் விரதத்தை முறைப்படி முடிக்க வழியில்லாமற்போயிற்று. நசரேயர் பரிசுத்தரா, தேவையின்றித் தம்மை வருத்திக்கொண்ட பாவியா என்று ரபிகள் வாதிட்டனர். இரண்டுக்கும் தல்மூதில் இடமுண்டு.

இடைக்காலத்தில் இவ்விரதம் சட்ட நூல்களில்தான் பெரும்பாலும் பேசப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டில் எருசலேமில் வாழ்ந்த ரபி டேவிட் கோஹென் (1887–1972) இதை மேற்கொண்டு, ‘நசீர்’ (நசரேயர்) என்றே அழைக்கப்பட்டார். சிறுவயதில் நசரேயராக வளர்க்கப்பட்ட அவர் மகன், பின்னாளில் ஹைஃபா நகரின் தலைமை ரபி ஆனார்.