வரி குறைந்தால் கடன் ஏறுமா?

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் வரும் குழாயைச் சற்று மூடிவிட்டு, வெளியேறும் குழாயை அப்படியே விட்டால் மட்டம் இறங்கும். அரசுக்கு வரிதான் வரவு. செலவு அதை மிஞ்சினால் துண்டு விழும். ஆண்டுதோறும் விழும் துண்டு கடனாகச் சேரும்.

ஆனால் ஆர்தர் லாஃபர் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் வேறு கோணத்தில் பார்த்தார். வரிவிகிதம் 0 ஆனால் வருவாய் இல்லை. 100 விழுக்காடானாலும் இல்லை. அனைத்தையும் பறிகொடுக்க எவர் உழைப்பார்? ஆகவே இடையில் ஓர் உச்சி உண்டு. அதைத் தாண்டியிருந்தால், வரியைக் குறைத்தாலே வருவாய் பெருகும். நாம் உச்சிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே கேள்வி.

1981-இல் அதிபர் ரீகன் வரிக்குறைப்புச் சட்டம் கொண்டுவந்தார். உச்ச வருமானவரி 70 விழுக்காட்டிலிருந்து 50 ஆயிற்று. அவ்வாண்டு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி டாலராக இருந்த அமெரிக்க அரசின் கடன், 1989-இல் 2.8 லட்சம் கோடியைத் தாண்டியது.

பழி முழுவதும் வரிக்குறைப்பைச் சாராது. படைச்செலவு ஏறியது, 1981-82-இல் தொழில்மந்தம் வேறு. ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைப்போம். வரலாறு அதற்கு இடம் தருவதில்லை. ஆயினும் 1982-லேயே ரீகன் அரசு சில வரிகளை உயர்த்த நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள்.

வரிக்குறைப்பால் தொழில் வளர்ந்து, இழந்த வருவாயில் ஒரு பகுதி திரும்பலாம். மீதிக்குச் செலவைக் குறைக்காவிட்டால் கடன்தான் வழி. அதன் வட்டியைக் கட்டப்போவது இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள்!