பெருக்கும் மதகும்: பூதலூர்ப் பகுதியில் புனல்விழாவின் வரலாறு

ஆற்றங்கரைக்குச் சுற்றமும் நட்பும் சூழச் செல்வதும், நீராடுவதும், கொண்டு சென்ற சோற்றை மரநிழலில் உண்டு பொழுது சாயத் திரும்புவதும் தமிழர்க்குப் புதியன அல்ல. இன்று சுற்றுலா என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்படும் இச்செயலைப் பழந்தமிழ் இலக்கியம் புனலாட்டு என்று தனியே எண்ணிப் போற்றியது. பரிபாடலில் முழுமையாகக் கிடைத்துள்ள 22 பாடல்களுள் எட்டு வையையைப் பற்றியன. அவற்றில் ஆற்றைக் காட்டிலும் ஆற்றை நோக்கி விரையும் மக்களே மிகுதி. பட்டினப்பாலையோ புகார் மக்கள் தீது நீங்கக் கடலிலும், உடலின் மாசு போக ஆற்றிலும் நீராடியதைக் கூறுகிறது. நீராடலில் சமயமும் விளையாட்டும் பிரியாது நின்றமையை இது காட்டும்.

காவிரிப் புனல்விழாவைப் பேசுவோர் ஆட்டனத்தியை மறக்க இயலாது. கழார் என்னும் காவிரித் துறையில் விழா நாளன்று நீரில் ஆடிய அவனை ஆறு கொண்டு சென்றது. ஆதிமந்தி கரை நெடுகத் தேடி அலைந்தாள். பரணர் அகநானூற்றில் இந்நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் நினைவுகூர்கிறார். அவளைக் கரிகாலன் மகள் என்று கூறுவது சிலப்பதிகாரம். பாரதிதாசன் ‘சேர தாண்டவம்’ என நாடகமாக்கியதும், கண்ணதாசன் ‘ஆட்டனத்தி ஆதிமந்தி’ எனக் காவியமாக்கியதும் இக்கதையையே. பாவலர் பலரும் இதனைக் காதற் கதையாக மட்டுமே எடுத்துக்கொண்டனர். ஆயின் இது ஒரு விழா நாளின் கதையும் ஆகும். கரையில் கூடிய கூட்டத்தின் நடுவே ஓர் உயிர் போனதைத் தமிழ் இலக்கியம் இருபது நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறது. புனல்விழாவின் களிப்பு அச்சம் கலவாத களிப்பாக ஒருபோதும் இருந்ததில்லை.

இம்மரபை நிலத்தில் வைத்துக் காண்பதற்குப் பூதலூர் வட்டம் தக்க இடம். தஞ்சை மாவட்டத்தின் மேற்கெல்லையான இப்பகுதியில்தான் காவிரி பலவாகப் பிரிகிறது. கல்லணையில் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என நான்கு வழிகளில் நீர் செல்கிறது. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிகிறது. கொள்ளிடத்துக்கு அப்பால் திருச்சிராப்பள்ளி, அரியலூர் மாவட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. ஆறே எல்லையாகவும் ஆறே வழியாகவும் அமைந்த ஊர்கள் இவை. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளி வரையிலான இருப்புப் பாதை 1861, 1862ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட பின்னர், அப்பாதையில் அமைந்த பூதலூர் நிலையம் திருக்காட்டுப்பள்ளிக்கு அண்மை நிலையமாயிற்று. இரயிலில் வந்து இறங்கி, மாட்டுவண்டி பிடித்து ஆற்றுக்குச் செல்வது நகரத்தார்க்கும் எளிதாயிற்று.

கல்லணையைக் கட்டியவன் கரிகாலன் என்பது மரபு. அவன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்பதை முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு குறிப்பிடுகிறது. கரைக்கும் அணைக்கும் உள்ள வேறுபாட்டை மேடைப் பேச்சாளர் பொருட்படுத்துவதில்லை. வரலாறு பொருட்படுத்தியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பொறியாளர் இவ்வணையை ஆராய்ந்து, உயர்த்தி, மதகுகள் அமைத்தனர். 1836இல் ஆர்தர் காட்டன் மேற்கே முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். இவ்வளவு நிகழ்ந்த பின்னரும் வெள்ளம் வரும் நாளை ஆறே முடிவு செய்தது. குடகுமலையில் தென்மேற்குப் பருவமழை பெய்தால் ஆனி மாதத்தில் புதுநீர் வரும். ஆடியில் அது பெருகிக் கரையைத் தொடும். முன்னது புதுப்புனல், பின்னது பெருக்கு. இவ்விரண்டும் வெவ்வேறு நிகழ்ச்சிகள் என்பதை இன்று பலரும் மறந்துவிட்டனர்.

ஆடி பதினெட்டாம் நாள், அதாவது ஆகஸ்டு 2 அல்லது 3, பெருக்குக்குரிய நாள். அன்று காவிரியைச் சூல்கொண்ட பெண்ணாகக் கருதுவது தஞ்சை வழக்கம். மசக்கைக்காரிக்குப் புளிப்பும் இனிப்பும் வேண்டுமன்றோ? ஆதலின் புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சோறு ஆகியன ஆற்றங்கரைக்குச் செல்லும். படித்துறையில் மணலாலோ மஞ்சளாலோ பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணியும் காப்பரிசியும் பழமும் படைப்பர். மஞ்சள் கயிற்றைப் பெண்கள் புதிதாக அணிவர். அவ்வாண்டு மணமானவர்கள் தம் திருமண மாலைகளை எடுத்து வைத்திருந்து அன்று நீரில் விடுவர். சிறுவர்க்குச் சப்பரம்: தச்சர் செய்து தந்த சிறு தேரைத் தெருவெங்கும் இழுத்துச் செல்வதே அவர்களின் பெருக்கு.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குவதை அறியாதார் இலர். 1950இல் தொடராக வரத் தொடங்கிய அப்புதினத்தின் முதற்காட்சியைப் பத்தாம் நூற்றாண்டின் ஆவணம்போல எடுத்துக்காட்டுவோர் உண்டு. கல்கி தம் காலத்துக் காவிரிக்கரையில் கண்டதையே அங்கே பொருத்தினார் என்று கொள்வதே பொருத்தமாகும்.

ஆயினும் கரை எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. அக்கிரகாரத்துப் படித்துறை வேறு, குடியானவர் தெருத் துறை வேறு, சேரி மக்கள் இறங்கிய இடம் வேறு. வயலில் நாற்று நட்ட கைகள் அந்நாளில் பெரும்பாலும் கட்டப்பட்ட படிகளுக்கு அப்பாலேயே நீரைத் தொட்டன. ஊர் கூடிக் கொண்டாடிய விழா என்று எழுதும்போது, கூடிய ஊர் எது என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை. இவ்வேறுபாடு சட்டத்தால் நீங்கிய பின்னரும் வழக்கத்தால் நெடுநாள் நீடித்தது.

1924 சூலையில் வந்த பெருவெள்ளம் காவிரிக் கரைகளை உடைத்து ஊர்களை அழித்தது. 1925இல் தொடங்கிய மேட்டூர் அணைப் பணி 1934இல் நிறைவுற்றது. 120 அடி உயரத்துக்கு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைத் தேக்கும் அவ்வணையோடு கல்லணைக் கால்வாயும் வெட்டப்பட்டது. மக்கள் அதற்கு இட்ட பெயர் புது ஆறு. வெண்ணாற்றுக்குத் தெற்கே மேட்டு நிலமாகக் கிடந்த ஊர்களுக்கு அது நீரை மட்டும் தரவில்லை. பெருக்கு நாளில் சென்று நிற்பதற்கு ஒரு கரையையும் தந்தது. எந்திரமும் ஆளும் சேர்ந்து வெட்டிய கால்வாய்க்கு, அகத்தியர் கமண்டலத்தில் பிறந்த காவிரிக்குரிய வழிபாடு அத்தனையையும் மக்கள் செய்தனர். நாட்டார் சமயத்தின் பெருந்தன்மை இது.

மேட்டூருக்குப் பின் விழாவின் பொருள் மாறியது. குறுவைச் சாகுபடிக்காக அணை திறக்கும் நாள் சூன் 12 என வரையறுக்கப்பட்டது. உரிய நாளில் திறந்தால், ஆடி பதினெட்டுக்குள் ஆற்றில் நீர் ஓடத் தொடங்கி ஏறத்தாழ ஏழு வாரம் ஆகியிருக்கும். அது புதுநீர் அன்று. மேலே பெருகும் வெள்ளத்தை அணை வாங்கிக்கொள்வதால் பெருக்கும் பெரும்பாலான ஆண்டுகளில் இல்லை. மதகு விடும் அளவே ஆறு. புதுப்புனலை வரவேற்கும் உரிமையோ கல்லணைக்கு இடம்பெயர்ந்தது. மதகு திறக்கும் அன்று அமைச்சரும் அலுவலரும் உழவரும் நின்று மலரும் தானியமும் தூவுகின்றனர். ஊர்தோறும் கரையில் நிகழ்ந்த வரவேற்பு ஓர் அரசு நிகழ்ச்சியாகச் சுருங்கிற்று எனலாம்.

இச்சார்பு எத்தகையது என்பதை வறண்ட ஆண்டுகள் காட்டின. மேட்டூர் அணை 2012இல் செப்டம்பர் 17 அன்றும், 2016இல் செப்டம்பர் 20 அன்றும், 2017இல் அக்டோபர் 2 அன்றும்தான் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. ஆடிப்பெருக்கு அதற்கு முன்பே வந்து போயிற்று. ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டியும், ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடத்தில் வைத்தும் மக்கள் வழிபட்டனர். நேர்மாறாக 2018இல் நீர் மிகுந்தது; ஆகஸ்டு 22 அன்று முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து ஒன்பது மதகுகள் உடைந்தன. 2024இல் அணை சூலை 28 அன்று திறந்தது. அவ்வாண்டு புதுப்புனலும் பெருக்கும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன.

காவிரியைத் தோற்றம் முதல் கடல் வரை தொடர்ந்து கண்டு சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ 1971இல் வெளிவந்தது. அப்பயணத்துக்குப் பின் அரை நூற்றாண்டில் கரைகள் பெரிதும் மாறின. கல்லணை பூங்காவும் சிலைகளும் கொண்ட சுற்றுலா இடமாயிற்று. விடுமுறை நாள்தோறும் கூட்டம் வருகிறது. மதகின் கீழே நீர் சுழித்து அரித்த பள்ளங்களும், மணல் அள்ளிய குழிகளும் மேலிருந்து காண்போர்க்குத் தெரிவதில்லை. பழைய துறைகளில் ஆழம் எங்கே, மணல்திட்டு எங்கே என்பதை ஊரார் அறிந்திருந்தனர். பேருந்தில் வந்து ஒரு மணிநேரம் தங்கும் இளைஞர்க்கு அவ்வறிவைச் சொல்வார் இல்லை. எச்சரிக்கைப் பலகை மட்டுமே உண்டு.

கல்லணைக் கால்வாயைச் சீரமைக்கும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 14 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. கான்கிரீட் தளம் இட்டால் கசிவு குறைந்து கடைமடைக்கு நீர் சேரும் என்பது பொறியாளர் கருத்து. நிலத்தடி நீர் ஊறுவது தடைப்படும் என்பது உழவர் பலரின் அச்சம். இவ்விரண்டு வாதங்களிலும் இடம்பெறாத ஒன்று உண்டு. மண்கரையில் எவரும் எங்கும் இறங்கலாம். வழவழப்பான கான்கிரீட் சரிவில் படி இருந்தாலன்றி இறங்க இயலாது, தவறி விழுந்தால் ஏறவும் இயலாது. எந்த ஊருக்கு எத்தனை படித்துறை, அவை எந்தத் தெருவுக்கு எதிரே அமையும் என்பன திட்ட வரைபடத்தில் சிறு கோடுகளே. பூதலூர்ப் பக்கத்துப் பெண்கள் அடுத்த ஆடியில் மாலைகளை எங்கே நின்று நீரில் விடுவர் என்பதை அக்கோடுகள் முடிவு செய்கின்றன.